பழைய எழுத்து, பதினொன்றேகால் கிலோ

அரசாணை வந்த மறுவருஷம் பங்குனியில்
பள்ளத்தூர் உமையாள் ஆச்சி
அச்சகத்துக்கே வந்து கேட்டாக:
"தும்பிக்கை வச்ச லை இனி ஒங்களுக்கு வேணாமாமே?"

வேண்டாம்தான்.
சுழித்த ணா, மடங்கிய றா, வால் வளைத்த னா,
தும்பிக்கை தூக்கிய ணை லை ளை னை,
ஒகர ஓகார உறவுக்காரர்கள் ஆறு,
ஆகப் பதின்மூன்று பேருக்கு
ஒரே கடுதாசியில் வேலை போயிருந்தது.
கேஸிலிருந்து அள்ளிச் சாக்கில் கட்டி
மைத் தகரங்களுக்குப் பின்னால் போட்டிருந்தேன்.

ஆச்சிக்கு எழுத்து வேண்டாம். ஈயம் வேண்டும்.
"வலையில கட்டுற ஈயம் ரொம்ப மெது,
குழலுக்குள்ள பூசிக்கிருது.
ஒங்க எழுத்துல அஞ்சனக்கல் கலந்திருக்கு,
அது முறுக்கா நிக்கும்."
முப்பது வருஷம் என் விரல் அடுக்கியதில்
என்ன கலந்திருக்கிறதென்று
அன்றைக்குத்தான் கேட்டுக்கொண்டேன்.

பில் போட்டேன்.
விலை என்று எழுதுகையில்
கை தன்பாட்டில் தும்பிக்கை போட்டது.
அடித்துவிட்டுப் புது லை போட்டேன்.

சாக்கைச் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கினேன்.
பின்கட்டு முற்றத்தில் அடுப்பு தயார்.
ரைஃபிள், ரங்கூனில் வாங்கியதாம்,
சாக்கு விரிப்பில் படுத்திருந்தது.
அதற்குத் தோட்டா செய்த கம்பெனி
சண்டைக்கு முன்பே மூடிவிட்டது.
மிச்சம் இருபத்திரண்டு பித்தளைக் கூடு,
வாய் தேயத் தேய
திரும்பத் திரும்ப நிரப்பியவை.

சட்டியில் லை முதலில் தும்பிக்கையை இழந்தது.
பிறகு யார் ணை யார் றோ என்று தெரியவில்லை.
மெழுகு கிள்ளிப் போட்டு, புகைய விட்டு,
மேலே மிதந்த கசடை ஓட்டைக் கரண்டியால்
ஆச்சி வழித்து எடுத்தாக,
என் முப்பது வருஷத்து மையும் அதில் போயிற்று.

குண்டு வார்க்கிற இடுக்கிக்கும் அச்சு என்றுதான் பேர்.
முதல் எட்டும் சுருக்கம் விழுந்த முகம்.
"அச்சு இன்னும் சூடேறல" என்று
எட்டையும் சட்டிக்கே திருப்பினாக.
ஒன்பதாவது வழுவழுவென்று
ஈரச் சாக்கில் விழுந்து கொஞ்சம் சிணுங்கியது.

ஆறியபின் வைரத் தராசு வந்தது.
இந்தத் தட்டில் குண்டு, அந்தத் தட்டில் குண்டு.
குன்றிமணி வித்தியாசம் இருந்தாலும்
பாவம், மறுபடி சட்டி.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒன்றிலும்
எழுத்தின் அடையாளம் இல்லை.
தேனடை மெழுகும் விளக்கெண்ணெயும் குழைத்து
இடுப்புப் பள்ளங்களில் தடவினாக,
பிள்ளைக்குத் தடவுகிற மாதிரி என்று எழுத வந்தது.
இல்லை, டிரெடிலுக்கு நான் தடவுகிற மாதிரி.

"எதைச் சுட ஆச்சி?"

"சட்டம் வந்திருச்சே. இப்பக் கம்மாக்கரைதான் எனக்குப் பன்னி."
கொஞ்ச நேரம் கழித்து,
"அவுக இருந்தவரைக்கும்
வார்க்கிறது நான், சுடுறது அவுக.
எம் பேருக்கு லைசென்ஸ் மாறி ரெண்டு வருஷம் ஆச்சு.
நான் வார்த்தது எங்க போகுதுன்னு
இப்பத்தான் பாக்குறேன்."

நானும் ஒன்றும் சொல்லவில்லை.
எத்தனை பத்திரிகை கோத்திருப்பேன்,
ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை.

வற்றிய கண்மாய். கரையில் சாணி வட்டம் ஒன்று.
ஆச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
சேலைக்கு மேல் தோளில் துண்டை மடித்து வைத்து
ஒரே வெடி.
கொக்குகள் சிதறி, திரும்பி அதே இடத்தில் உட்கார்ந்தன.
வட்டத்துக்கு ஒரு சாண் இடப்புறம்.

மண்வெட்டியால் தோண்டி எடுத்தேன்.
மூக்கு நசுங்கியிருந்தது. உடம்பில்
குழல் அழுத்திய ஏழு சாய்ந்த வரிகள்.
பழக்கதோஷம், தலைகீழாகப் பிடித்து
இடமிருந்து வலமாகப் படித்தேன்.

"என்ன போட்டிருக்கு?"

"புரூஃப் சுத்தமா இருக்கு ஆச்சி."

"அப்ப அடிக்கலாம்" என்று
அடுத்த கூட்டை உள்ளே தள்ளினாக.